தள்ளி அடிப்பதா, இழுத்து அடிப்பதா?

ஒரு மனிதன் தானே நேரில் செய்தாக வேண்டிய காரியங்கள் சில உண்டு. முடி வெட்டிக்கொள்வது, பல் பிடுங்கிக்கொள்வது, மாமியாரிடம் நலம் விசாரிப்பது. இவற்றை வேறு ஆளை அனுப்பிச் செய்ய முடியாது. இந்தப் பட்டியலில் காரின் அடித்தகட்டுக்கு வெல்டிங் அடிப்பதையும் சேர்த்துக்கொள்வதென்று போன வாரம் நான் தீர்மானித்தேன்.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு செருப்பு.

நானும் என் மனைவியும் கடைக்குப் போய்விட்டு எங்கள் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். "என்னங்க, காலுக்குக் காத்து வருது" என்றாள். "ஏசி" என்றேன். எங்கள் காரில் ஏசி கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அடுத்த திருப்பத்தில் அவளுடைய வலது செருப்பு, துருப்பிடித்த அடித்தகட்டில் விழுந்திருந்த ஓட்டை வழியாக இறங்கிச் சாலையிலேயே தங்கிவிட்டது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்தச் செருப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வீடு வந்து சேர்ந்தோம். அவள் இறங்கி, ஒற்றைச் செருப்போடு வாசல்வரை நடந்து, அங்கே திரும்பி நின்றாள்.

"ஷெட்டைக் காலி பண்ணுங்க."

இந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. என் மனைவி கணக்கு டீச்சர். சாயங்காலம் எங்கள் ஹாலில் டியூஷன் எடுக்கிறாள். ஹால் முழுக்கப் பிள்ளைகள். நாற்காலி முழுக்கப் பிள்ளைகள். நான் ஆபீஸ் விட்டு வந்தால் காம்பஸ் முள் குத்தாமல் சமையலறைக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு. இடம் போதவில்லை, கார் ஷெட்டை டியூஷன் அறையாக மாற்றவேண்டும் என்பது அவள் தரப்பு.

என் தரப்பு வேறு. அந்தக் காரை நான் அதிகம் ஓட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, டிரைவர் சீட்டில் சாய்ந்து பேப்பர் படிப்பேன். இந்த வீட்டில் வேறு யாரும் உட்காராத, என்னை யாரும் எழுப்பிவிடாத இருக்கை அது ஒன்றுதான்.

"ஒரு ஓட்டைக்காக ஒரு காரையே தூக்கிப் போடுறதா?"

"ஒரு ஓட்டைக்காக நான் ஒரு காலையே தூக்கிப் போட்டிருப்பேன்."

"அடைச்சிடறேன்."

"எப்போ?"

"சீக்கிரம்."

"தேதி சொல்லுங்க. உங்க தொழிலே அதுதானே?"

நான் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். அங்கே தீர்ப்பு சொல்கிறவர் நீதிபதி. தேதி சொல்கிறவன் நான். 'வழக்கு தள்ளி வைக்கப்படுகிறது' என்று எழுதிய அளவுக்கு என் பெயரைக்கூட நான் எழுதியிருக்கமாட்டேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சொட்டுகிற குழாய், ஆடுகிற கட்டில், எரியாத வாசல் விளக்கு எல்லாமே என்னிடம் நிலுவையில் இருப்பவை. ஆனால் வீட்டில் நீதிபதியும் அவள், எதிர்க்கட்சி வக்கீலும் அவள், ஜப்திக்கு வருகிறவளும் அவளே.

"ஞாயித்துக்கிழமை" என்றாள். "தெருவிளக்கு எரியுறதுக்குள்ள முடிச்சிருக்கணும். நான் முன் சீட்ல உட்கார்ந்து ரெண்டு காலையும் ஊணிப் பார்ப்பேன். தாங்கினா காரும் ஷெட்டும் உங்களுக்கு. தாங்கலேன்னா ஷெட் எனக்கு. காரை நீங்களேதான் வெளியே எடுக்கணும். இது கடைசி வாய்தா."

ஒப்புக்கொண்டேன். கடைசி வாய்தா என்று சொல்லி எத்தனை வாய்தா கொடுத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

பக்கத்து வீட்டில் பாடி மாமா இருக்கிறார். பஸ் டிப்போவில் பஸ்ஸுக்குப் பாடி கட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த புதிதில், "இந்தக் கையால எத்தனை பாடியைத் தூக்கி வச்சிருக்கேன் தெரியுமா?" என்று அவர் கேட்டதும், நான் கோர்ட்டுக்காரன் புத்தியில் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அவரிடம்தான் வெல்டிங் மெஷின் இருந்தது. சக்கரம் வைத்த பெட்டி. உருட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் மனைவி வழிமறித்தாள்.

"என்னங்க இது, மிக்ஸியா?"

"மிக்."

"மிச்ச எழுத்து எங்கே? கார் ஓட்டையில விழுந்துடுச்சா?"

"மிக் வெல்டிங் மெஷின். இதெல்லாம் உனக்குப் புரியாது."

எனக்கும் புரியவில்லை. அதைச் சொல்ல அது சமயமில்லை.

பாடி மாமா மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பாடம் எடுத்தார். "பத்த வைக்கத் தெரியுமா கோர்ட்டாரே?"

"தெரியாது மாமா. எங்க ஆபீஸ்ல பத்த வைக்கிறதுக்குத் தனியா ஒருத்தர் இருக்கார்."

"இது குச்சி வச்சு அடிக்கிற வெல்டிங் இல்லை. இந்த டார்ச்சைத் துப்பாக்கி மாதிரி பிடிங்க. விசையை அமுக்கினா கம்பி தானா வெளியே வரும். கூடவே காஸ் வரும். கம்பி உருகித் தகட்டைப் பிடிச்சுக்கும். ரெண்டு திருகு இருக்கு பாருங்க, ஒண்ணு சூட்டுக்கு, ஒண்ணு கம்பி வேகத்துக்கு."

"எது எதுக்கு?"

"பக்கத்துல எழுதியிருக்குமே."

"அழிஞ்சு போச்சு மாமா."

"அப்போ திருகிப் பார்த்துக்குங்க. அது கிடக்கட்டும். முக்கியமான விஷயம், அடிக்கிறதுல ரெண்டு வழி இருக்கு. டார்ச்சை முன்னால தள்ளிக்கிட்டே போறது ஒண்ணு. பின்னால இழுத்துக்கிட்டே வர்றது ஒண்ணு."

"எது நல்லது?"

"இழுத்து அடிங்க! நெருப்பு உள்ளே நல்லா இறங்கும். நான் எல்லாமே இழுத்துத்தான் அடிச்சேன்."

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "மாமா, இழுத்தடிக்கிறதுக்கு அவருக்குப் பாடம் வேணுமா? அதுல அவர் உங்களுக்கே சொல்லித் தருவார்."

ஒரு பிஸ்கட் டப்பா மூடியை வைத்து ஒத்திகை பார்த்தேன். மெஷினோடு மாமா கொடுத்த கறுப்புக் கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரியவில்லை. தூக்கினால் தெரிகிறது, ஆனால் கண் கூசுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகமூடியை இறக்கி, விசையை அமுக்கி இழுத்தேன். நெருப்பு நன்றாகவே உள்ளே இறங்கியது. மூடியின் உள்ளே இறங்கி, மூடியைக் கடந்து, கீழே இருந்த சிமெண்டுத் தரையில் போய் நின்றது. மூடியில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை.

அதை அடைக்க இன்னொரு தரம் இழுத்தேன். இப்போது இரண்டு விரல் நுழைந்தது. ஒட்டுக்கும் ஓட்டைக்கும் எழுத்தில் அதிக தூரமில்லை. என் கையில் அந்தத் தூரமும் இல்லை.

மறுநாள் ஓட்டைக்கு ஒட்டுப்போடத் தகடு வாங்கப் போனேன். தகட்டுக் கடைக்காரர் நான் கேட்ட தகட்டை ஒரு ஓரம் பிடித்து ஆட்டிக் காட்டினார். கடகடவென்று சத்தம் போட்டது.

"இவ்வளவு மெலிசுக்கா மிக் அடிக்கப் போறீங்க?"

"ஆமாம். இழுத்து அடிக்கலாம்னு இருக்கேன்."

"ஐயோ! இழுத்தா சூடு ஒரே இடத்துல ஆழமா இறங்கி ஓட்டையாக்கிடும். மெலிசுக்குத் தள்ளித்தான் அடிக்கணும். தள்ளினா சூடு மேலாகவே ஓடிடும்."

"அப்போ இழுக்கிறது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? கனமான இரும்புக்கு இழுக்கலாம்."

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் எப்பவும் இழுப்பேன்னார்."

"அவர் எதை இழுத்தாரோ!"

வீட்டுக்கு வந்து தகட்டில் ஒரு துண்டு வெட்டி, தள்ளி அடித்துப் பார்த்தேன். ஓட்டை விழவில்லை! குதிக்கப்போன நேரத்தில் தகடே குதித்தது. நான் நிறுத்தாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். சூடு தாங்காமல் தகடு நெளிந்து, முறுக்கி, ஓரம் தூக்கிக்கொண்டு, நட்டுவைத்த பந்தல் மாதிரி நின்றது.

மனைவி டீ கொண்டுவந்தாள். தகட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ரெண்டும் ஒரே கனம். கொஞ்சம் சூடு பட்டா ரெண்டும் முறுக்கிக்குது."

நான் மெலிந்த தேகம். அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்துத்தான் சம்மதித்தாள். ஆனாலும் இதைச் சொல்லும் உரிமையை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"இழுத்தா ஓட்டை. தள்ளினா நெளியுது. என்னதான் பண்றது?" என்று அவளிடமே புலம்பிவிட்டேன்.

"இதுல என்ன குழப்பம்? இழுத்தடிக்கிறது, தள்ளிப் போடுறது, ரெண்டும் உங்களுக்குக் கைவந்த கலை. ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு அடியில் படுத்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் காரில் வெல்டிங் அடிக்கவேண்டும் என்று பாடி மாமா சொல்லியிருந்தார். கழற்றினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது, நல்ல இரும்பு வரும்வரை சுரண்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். சுரண்டினேன். செருப்பு அளவு இருந்த ஓட்டை தட்டு அளவு ஆனது. நல்ல இரும்பு வரவில்லை. மேலும் சுரண்டினேன். தாம்பாளம் அளவு ஆனது. அங்கேதான் நல்ல இரும்பு, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று மின்னியது.

ஒட்டுத்தகட்டை வெட்டி வைத்துக்கொண்டு, டார்ச்சைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தள்ளுவதா, இழுப்பதா? இழுப்பதா, தள்ளுவதா? பாடி மாமா சுவருக்கு மேலிருந்து, "இழுங்க கோர்ட்டாரே!" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எங்கள் வழக்கப்படி பெரிய பெஞ்சுக்குத்தான் போகவேண்டும்.

பெரிய பெஞ்சு யார் என்பதும் எனக்குத் தெரியும். என் மனைவியின் தம்பி வேறு ஊரில் காருக்கு டிங்கரிங் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். மெலிசுத் தகட்டில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் நானும் அவனும் பேசிக்கொள்வதில்லை. போன தடவை வந்தபோது என் காரைச் சுற்றிவந்து, "அத்தான், இது வண்டியா, வடிகட்டியா?" என்று கேட்டவன் அவன். அவனிடம் போய் நான் கேட்பதா?

"நீ கேளேன்" என்றேன் மனைவியிடம்.

"நான் எதுக்குக் கேட்கணும்? அடைக்க முடியலேன்னா எனக்குத்தானே ஷெட்?"

"நியாயமா விளையாடு. எனக்காகக் கேக்கிறதா நினைக்காதே, உன் காலுக்காகக் கேளு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனை எடுத்தாள். மைத்துனன் கைவேலையாக இருந்ததால், குரலைப் பதிவுசெய்து அனுப்புவதாகச் சொன்னானாம். சற்று நேரத்தில் போன் சிணுங்கியது. அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்தும்போது இருக்கும் அதே முகம். மார்க் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது.

போனை இறக்கினாள்.

"தள்ளி வைக்கணுமாம்."

"என்னது?"

"தகடு மெலிசா இருக்குல்ல? தள்ளி வைக்கணுமாம்."

"உன் தம்பியா அப்படிச் சொன்னான்?"

"நான் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கலை. 'அவசரப்பட்டா ஓட்டையாயிடும், தள்ளி வைக்கிறதுதான் சரியான முறை'ன்னான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுள் முழுக்க நான் பிறருக்குச் சொல்லிவந்த வார்த்தை அது. முதன்முதலாக ஒரு புண்ணியவான் எனக்குச் சொல்லியிருக்கிறான். அதுவும் எதிர்த்தரப்பின் சொந்தத் தம்பி! வடிகட்டியை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

"எதுவரைக்கும் தள்ளி வைக்கணுமாம்?"

"அதைச் சொல்லலை."

"தேதி குறிப்பிடாமல் தள்ளி வைப்பு!" என்று கத்தினேன். அதைவிடச் சுகமான உத்தரவு எங்கள் தொழிலில் கிடையாது. "நீயும் கேட்டுக்கிட்டேல்ல? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் எதுக்கு மாத்திப் பேசணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகும்போது டீயா, காபியா என்று கேட்டாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

டார்ச்சை ஆணியில் மாட்டினேன். முகமூடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். காரில் ஏறி, கதவைச் சாத்தி, டிரைவர் சீட்டில் சாய்ந்து பேப்பரை விரித்தேன். பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இருந்த தாம்பாள ஓட்டை வழியாகக் குளுகுளுவென்று காற்று வந்தது. உண்மையாகவே ஏசிதான். தலைப்புச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது பேப்பர்மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது. தெருவிளக்கு. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மனைவி நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"தள்ளி வச்சாச்சு" என்றேன், கொட்டாவி விட்டபடி.

"எங்கே, உட்கார்ந்து பார்க்கட்டுமா?"

உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஊன்றினாள். இரண்டு காலும் காரைத் தாண்டிக் கீழே போய்விட்டன.

"ம். நல்லாத்தான் தாங்குது" என்றாள். "ஷெட்டுத் தரை."

"அதான் வேலையைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டானே!"

"வேலையை யார் தள்ளி வைக்கச் சொன்னது?"

"உன் தம்பி! நீதானே சொன்னே!"

அவள் போனை எடுத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். என் மைத்துனனின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"அக்கா, மெலிசுத் தகடுன்னா டார்ச்சைத் தள்ளித்தான் பிடிக்கணும், இழுக்கவே கூடாது. சூட்டைக் கம்மியா வச்சுக்கச் சொல்லு. ஒரே ஓட்டமா அடிச்சா நெளிஞ்சிடும், பொட்டுப் பொட்டா வைக்கணும். ஒரு பொட்டு இங்கே வச்சா அடுத்த பொட்டு நாலு விரல் தள்ளி. அது ஆறினப்புறம் நடுவுல ஒண்ணு. அவசரப்பட்டா ஓட்டையாயிடும். தள்ளி வைக்கிறதுதான் சரியான முறை. அப்புறம் அக்கா, அத்தான்கிட்ட இதை முழுசா எடுத்துச் சொல்லு. 'தள்ளி வைக்கணுமாம்'னு மட்டும் மொட்டையாச் சொல்லிடாதே. கோர்ட்டு ஆளு, போய்ப் படுத்துடுவார்."

அவள் போனை அணைத்து மடியில் வைத்தாள்.

"நான் ஒரு வார்த்தை சேர்த்தேனா?" என்று கேட்டாள்.

"சேர்க்கலை. குறைச்சுட்டே."

"குறைக்கக் கூடாதுன்னு நீங்க கேட்கலையே?"

"இது அநியாயம். நான் அப்பீல் பண்றேன்."

"தள்ளுபடி."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அதை விட மனசு வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டாள். "வருத்தப்படாதீங்க. இந்த சீட்டைக் கழட்டி ஷெட்டுக்குள்ளேயே போட்டுக்கலாம். இது உங்க சீட்தான். யாரும் உட்காரமாட்டாங்க."

எனக்கு உயிர் வந்தது. "நிஜமாவா? எந்த இடத்துல போடலாம்?"

"கடைசி பெஞ்சுக்குப் பக்கத்துல. கிளாஸ் நடக்கும்போது பேப்பரைச் சலசலன்னு திருப்பக் கூடாது."

பெஞ்சு கிளார்க்காக இத்தனை காலம் உழைத்தவனுக்குக் கடைசியில் கடைசி பெஞ்சு. ஒப்பந்தப்படி காரை வெளியே எடுக்கவேண்டும். சாவியைத் திருகினேன். உறுமல் இல்லை, முனகல்கூட இல்லை. காலையில் நான் பெருமையோடு கழற்றிவைத்த பேட்டரி மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதை மாட்டி நாளைக்கு எடுக்கலாமே?" என்றேன்.

"நாளைக்கா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் காரைவிட்டு இறங்கிவிட்டேன். அவள் நகர்ந்து டிரைவர் சீட்டுக்கு வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். நான் காரின் மூக்குப் பக்கம் போய்க் கையை ஊன்றி நின்றேன்.

சுவருக்கு மேலே பாடி மாமாவின் தலை எழுந்தது. "என்ன கோர்ட்டாரே, வண்டி வெளியே போகுதா? பின்னால போய்க் கயிறு கட்டி இழுங்க! எப்பவுமே இழுக்கிறதுதான் பலம்!"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் மனைவி சொன்னாள்: "வேணாம் மாமா. மெலிசா இருந்தா தள்ளுறதுதான் சரியான முறையாம்."

தள்ளினேன்.